படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் துறையில் ஆசிரியராக இருந்த காலத்தில், சுமார் 20 மாணவர்களுக்கு ஃபேகல்டி அட்வைசராகவும், அதாவது வழிகாட்டி ஆசிரியராகவும், இருந்தேன். பாடங்களைப் பதிவு செய்ய வழிகாட்டி ஒப்புதல் தருவது, வருகையையும் மதிப்பெண்ணையும் கவனிப்பது, அவ்வப்போது அழைத்துப் பேசுவது, தேவையானால் பெற்றோருக்குத் தெரிவிப்பது என்று பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் அந்தப் பொறுப்பைச் சில வரிகளில் முடித்துவிடுகிறது. மாணவர் தம் பங்குக்கு என்ன செய்யவேண்டும் என்பது அந்த வரிகளில் இல்லை.

எலெக்டிவ் எனப்படும் விருப்பப் பாடத்தின் பதிவுக்குக் கடைசி நாள் ஒன்றில், வகுப்புக்கு மணியடித்த பிறகு, வகுப்புத் தலைவன் கொண்டுவந்த படிவக் கட்டில் வரிசையாகக் கையெழுத்திட்டேன். அதில் ஒரு மாணவன் டிஜிட்டல் இமேஜ் ப்ராசஸிங் பாடத்தைத் தேர்ந்திருந்தான். அதற்கு அடிப்படையான சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங் இரண்டிலும் அவன் தேறாமல் அரியர் வைத்திருந்தான். தேர்வு முடிவு வந்தபோது மூன்றாவதாக இதுவும் சேர்ந்துகொண்டது.

"அரியர் இருக்குன்னு ஏன்ப்பா சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கல சார். கையெழுத்துப் போட்டுட்டீங்க, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் வந்தது. அவனுடைய மதிப்பெண் பட்டியல் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. ஆனால், நண்பர்கள் எடுத்ததால்தான் அந்தப் பாடத்தை எடுத்தான் என்பதும், மாலையில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்ததால் அரியர் பாடங்களைத் திரும்பத் தொடவே இல்லை என்பதும் எந்த இழுப்பறையிலும் இல்லை. அவற்றை அவன்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லும்படியான ஐந்து நிமிடத்தை நான் கொடுத்திருக்க வேண்டும்.

வருகைப் பதிவிலும் இதே கதைதான். 75 விழுக்காடு வேண்டும். மருத்துவக் காரணம், விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்காக 65 வரை குறைந்தால் சான்றிதழின் பேரில் தேர்வெழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்கவேண்டும். 80-ஐத் தொடும்போதே எச்சரிப்பது என் வேலை. காய்ச்சலில் படுத்த வாரமே சான்றிதழைத் தருவது மாணவரின் வேலை. செமஸ்டரின் கடைசி வாரத்தில் மட்டும் ஊரெங்கும் டைஃபாய்டு பரவிவிடுவதை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள்.

ஆசிரியர் தரப்பின் நாடகம் இதற்குச் சளைத்ததன்று. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் தேசிய அமைப்பான நாக் அப்போது பார்த்த அளவீடுகளில், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர் என்ற விகிதமும் ஒன்றாக இருந்தது. அந்த அமைப்பின் குழு வருவதற்கு முந்தைய வாரம், மூன்றாண்டுச் சந்திப்புகளை ஒரே பேனாவால் "நன்றாகப் படிக்க அறிவுறுத்தப்பட்டது" என்று நோட்டில் நிரப்பிய கைகளில் என் கையும் உண்டு. அந்த நோட்டில் மாணவர்களும் கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டார்கள்.

அடுத்த ஆண்டு படிவக் கட்டை வாங்க மறுத்துவிட்டேன். ஒவ்வொருவரும் மதிப்பெண் பட்டியலோடு நேரில் வரவேண்டும், தேர்ந்த பாடத்துக்கான காரணத்தைப் படிவத்தின் பின்புறம் ஒரு வரியில் தாமே எழுதவேண்டும் என்று சொன்னேன். போதிய ஆசிரியர் இல்லாமல் துறையே இரண்டு எலெக்டிவ்தான் நடத்தும் நிலையில் இதெல்லாம் வீண்வேலை என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கும் காரணம் வேண்டுமே.

ஒரு மாணவி "தோழிகள் எடுக்கிறார்கள்" என்று நேர்மையாகவே எழுதியிருந்தாள். கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் இரண்டு பாடங்களின் சிலபஸையும் அச்செடுத்து, புரியாத அலகுகளைப் பென்சிலால் கோடிட்டுக் கொண்டுவந்து, இவற்றில் எதற்குக் கணக்கு அதிகம் தேவைப்படும் என்று கேட்டாள். அவற்றில் ஒன்று நான் நடத்தாத பாடம். நடத்துபவரிடம் கேட்டு மாலைக்குள் சொல்வதாகச் சொன்னேன். படிவம் அதுவரை என் மேசையிலேயே கிடந்தது.