வீட்டில் இருந்த நாட்களுக்கும் கணக்கு

2025 பங்குனி மாதத்தில், மேற்கு ஐரோப்பிய நாடொன்றின் நெடுஞ்சாலை ஓரத்தில் என் பாரவூர்தியை மறித்த அதிகாரி, நான் எவ்வளவு நேரம் ஓடினேன் என்பதைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. ஓடாமல் இருந்த நாட்களில் என்ன செய்தேன் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். யாழ்ப்பாணத்தில், வீட்டில் இருந்தேன் என்றேன். அது முழு உண்மை. பொங்கலுக்கு வந்து கோப்பாயில் 35 நாட்கள் உண்டு உறங்கியதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் ஓட்டத்தையும் ஓய்வையும் பதியும் டாகோகிராப் கருவி அச்சடித்துத் தந்த சீட்டில், ஓய்வைக் குறிக்கும் கட்டில் அடையாளம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி நின்றது. அந்தக் கேள்விக்குறிக்காக நான் கட்டிய தண்டப்பணத்தை இலங்கை ரூபாவுக்கு மாற்றிப் பார்க்கும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.

லித்துவேனியாவில் கொம்பனி ஒன்றில் வேலை கிடைத்தது, அனுமதிப்பத்திரம் எடுத்தது, தகைமைப் பயிற்சி முடித்தது, டாகோகிராப்பில் செருகும் சாரதி அட்டை கைக்கு வந்தது எல்லாம் ஓரளவு ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிழை என் பழைய பழக்கத்தில் இருந்தது. பதினொரு வருடங்கள் ஏ9 வீதியில் லொறி ஓடியவன் நான். அங்கே என் ஓய்வுக்கு இருந்த ஒரே பதிவு, முறிகண்டிப் பிள்ளையாருக்கு அடித்த தேங்காயும் இருக்கைக்குக் கீழே கிடந்த கச்சான் கோதும்தான். நித்திரை வந்தால் வண்டியை ஓரங்கட்டுவோம், வராவிட்டால் ஓடுவோம். வாராந்த ஓய்வு என்று ஒன்று இருப்பதையும், அதைக் கழித்தால் மட்டும் போதாது, கழித்ததாகப் பதிவும் இருக்கவேண்டும் என்பதையும் நான் முப்பத்தாறு வயதில்தான் கற்றுக்கொண்டேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஓட்ட நேர விதிகளில் நான் ஒருநாளும் பிழை விட்டதில்லை. நான்கரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிட இடைவேளை, நாளுக்கு 9 மணித்தியாலம், வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மட்டும் 10, இரண்டு வாரங்களுக்கு மொத்தம் 90 என்பவற்றைக் கருவியே கத்திக் கத்தி நினைவூட்டும். வாராந்த ஓய்வுக்குக் கருவியை மட்டும் நம்பியிருக்க முடியாது. முந்திய வாராந்த ஓய்வு முடிந்ததிலிருந்து ஆறு இருபத்துநான்கு மணித்தியாலங்கள், அதாவது 144 மணித்தியாலம், கடப்பதற்குள் அடுத்ததைத் தொடங்கவேண்டும். முழு ஓய்வு 45 மணித்தியாலம். குறைத்து எடுத்தால் ஆகக் குறைந்தது 24. குறைத்த மணித்தியாலங்கள் கடன். 24 எடுத்தவர் மீதி 21ஐயும், அந்த வாரத்துக்கு அடுத்த மூன்றாவது வாரம் முடிவதற்குள், துண்டு துண்டாக அல்லாமல் ஒரே தொகுதியாக, ஆகக் குறைந்தது 9 மணித்தியால ஓய்வு ஒன்றோடு சேர்த்துத் தீர்க்கவேண்டும். 45 மணித்தியால ஓய்வை வண்டிக்குள் படுத்துக் கழிக்கவும் கூடாது. தங்குமிடச் செலவு கொம்பனியுடையது. (நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை சாரதி வீடு திரும்பவோ கொம்பனியின் தளத்துக்குத் திரும்பவோ வழிசெய்யவேண்டும் என்றும் விதி சொல்கிறது. கோப்பாய்க்காரனுக்கு அதில் எது கிடைக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.)

அன்று என்னை வீழ்த்தியது வேறொரு எண். சாரதி தன்னோடு வைத்திருக்கவேண்டிய பதிவு, அன்றைய நாளும் அதற்கு முந்திய 28 நாட்களும் என்றே பயிற்சியில் படித்திருந்தேன். 2024 டிசம்பர் 31 முதல் அது 56 நாட்களாகிவிட்டது. நான் மறிக்கப்பட்டபோது வேலைக்குத் திரும்பி 31 நாட்கள். பழைய விதிப்படி என் விடுமுறை அவருடைய கண்ணுக்கே எட்டியிராது. புதிய விதிப்படி அதில் 25 நாட்கள் அவருடைய மேசையில் விரிந்து கிடந்தன.

அந்த இடத்தில் என் அறியாமையை இன்னும் ஒரு படி உயர்த்திக் காட்டினேன். சான்றுப் பத்திரம் இருக்கிறதா என்று அவர் கேட்டதும், உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த தாளை எடுத்துப் பெருமையோடு நீட்டினேன். அது ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நாட்டவரான சாரதிகளுக்காகக் கொம்பனி பெற்றுக் கொடுக்கும் சாரதிச் சான்றிதழ். நான் அந்தக் கொம்பனியில் சட்டப்படி வேலை செய்கிறேன் என்பதற்கு அது ஆதாரமே தவிர, தை மாதத்தில் எங்கே இருந்தேன் என்பதற்கு அல்ல. அவர் கேட்டது விடுமுறை, சுகவீனம், வேறு வேலை ஆகியவற்றைக் குறிக்கும் செயற்பாட்டு உறுதிப்படிவம். இரண்டையும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே சொல்லால் அழைப்பதால் குழப்பம் வருகிறது. புதிதாகப் போகும் தம்பிமார் இதை இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ளவும்.

வினை அதோடு முடியவில்லை. என் அட்டையின் தரவுகளை ஆராய்ந்த கொம்பனி அலுவலர், டிசம்பர் கடைசி வாரத்தில் நான் 24 மணித்தியால ஓய்வு எடுத்ததற்கான 21 மணித்தியாலக் கடனும் தீர்க்கப்படவில்லை என்று அறிவித்தார். 35 நாட்கள் வீட்டில் இருந்தவனுக்கு 21 மணித்தியாலம் ஓய்வு போதவில்லையாம். பதியாத ஓய்வைக் கணினி ஓய்வாக எண்ணாது என்பதே அவருடைய விளக்கம். அவர்மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஏனென்றால் விடுமுறைக்குப் போகும்போது இதை ஒரு வரியில் சொல்லியிருக்கவேண்டியவரும் அவர்தான்.

அதனால், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வது என்று முடிவெடுத்துக்கொண்டு வந்தேன். கொம்பனி அலுவலகம் உறுதிப்படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பும், நான் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பவேண்டும், பயணம் தொடங்கும் முன் இருவருடைய கையொப்பமும் அதில் இருக்கவேண்டும். சொல்லும்போது சின்ன வேலை. கோப்பாய்ச் சந்தியில் உள்ள கொமினிகேசன் கடையில் ஸ்கானர் பழுது. யாழ்ப்பாணம் நகரத்துக்குப் போவதென்றால் பருத்தித்துறை வீதி நல்லூரடியில் திருவிழாவுக்காக மறிக்கப்பட்டிருந்தது. சைக்கிளில் ஒழுங்கைகளுக்குள் சுற்றி, நனைந்த சேட்டோடு போய்ச் சேர்ந்தேன். படிவத்தில் திகதிகள் வெறுமையாக இருந்தன. கடைக்காரத் தம்பி பேனையைத் தந்தார். நானும் அழகாக எழுதி, ஒப்பமிட்டு அனுப்பினேன். கையால் நிரப்பிய படிவம் செல்லாது, தட்டச்சில் இருக்கவேண்டும் என்று மறுநாள் பதில் வந்தது. அந்த விதி படிவத்தின் தலைப்பிலேயே இருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். இதில் குற்றம் என்னுடையது.

இரண்டாவது தடவை குற்றம் அவர்களுடையது. திகதிகளைத் தட்டச்சிட்டு அனுப்பியிருந்தார்கள். ஆனால் விடுமுறையை என் விமானம் புறப்பட்ட சனிக்கிழமையிலிருந்து தொடங்கியிருந்தார்கள். நான் அட்டையைக் கருவியிலிருந்து இழுத்தெடுத்தது வியாழன் பின்னேரம். இடையில் உள்ள நேரம் யாருடையது? பங்குனியில் சுட்டுக்கொண்ட விரல் என்பதால் இதைக் கண்டுபிடித்தேன். அங்கே அலுவலகம் திறக்கும்போது இங்கே காலை பத்தரை. அன்று வெள்ளிக்கிழமை வேறு. திங்கள் வரை காத்திருந்தேன்.

அந்த இடைவெளியில்தான் வெங்காயம் வந்து சேர்ந்தது. அத்தான் சின்ன வெங்காயம் வாங்கித் தம்புள்ளைக்கு அனுப்புபவர். ஞாயிறு இரவு வந்து, "தம்பி, கிளீனர் பெடியன் வரேல்லை. ஒருக்கா லொறியோட போய் மூட்டையளை இறக்குவிச்சுப்போட்டு வாறியே?" என்றார். மறுக்க முடியவில்லை. திங்கள் அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டு, மாலை 6 மணிக்குத் திரும்பினோம். நான் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. மூட்டை எண்ணினேன், இறக்கினேன், கூலி வாங்கினேன். அந்தக் கூலியே சிக்கல். யாருக்காகச் செய்தாலும், போக்குவரத்துத் துறைக்கு வெளியே செய்தாலும், அது வேறு வேலை. வேறு வேலை செய்த நேரம் ஓய்வாகாது. அக்காவுக்குக் கிணற்றடி கூட்டிக் கொடுத்திருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

படிவத்தில் ஒரு காலப்பகுதிக்கு ஒரு பெட்டியில் மட்டும்தான் அடையாளமிடலாம். ஆகவே எனக்கு மூன்று படிவங்கள் தேவைப்பட்டன: விடுமுறை, வேறு வேலை, மறுபடி விடுமுறை. அலுவலகத்தில் இருந்தவர், முழுவதையும் விடுமுறை என்று போட்டுவிடலாமே, இலங்கையில் நடந்தது யாருக்குத் தெரியும் என்று எழுதினார். பொய்யான உறுதிமொழி விதிமீறல் என்று அதே படிவத்தின் தலைப்பில் எழுதியிருப்பதை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன். மூன்று படிவங்களும் வந்தன. மூன்றாவது தடவையாக நல்லூர் ஒழுங்கைகளைச் சுற்றினேன். கடைக்காரத் தம்பி அதற்குள் எனக்குக் கடன் கொடுக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்.

இவ்வளவு அலைந்த பிறகு, திரும்பும் வழியில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்துகொண்டு டாகோகிராப் சட்டத்தை ஆறுதலாக வாசித்தேன். 2014ஆம் ஆண்டின் 165ஆம் இலக்க ஒழுங்குவிதி, 34ஆம் பிரிவு: வாகனத்தை விட்டு விலகியிருந்த காலத்துக்கு உறுதிப்படிவம் சமர்ப்பிக்கும்படி உறுப்பு நாடுகள் சாரதியைக் கட்டாயப்படுத்தக் கூடாது. சாரதி செய்யவேண்டியது, அட்டையைச் செருகும்போது அந்தக் காலத்தைக் கருவியில் கையால் பதிவதுதான். பங்குனியில் நான் தண்டம் கட்டியது படிவம் இல்லாததற்காக அல்ல, இந்தப் பதிவு இல்லாததற்காக என்பது அங்கேதான் விளங்கியது. விடுபட்ட நேரத்தைச் சேர்க்கவா என்று கருவி கேட்டபோது, சுமை ஏற்றத் தாமதமாகிறது என்று அலுவலகத்தார் தொலைபேசியில் நெருக்கியதால், வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தியவன் நான். ஐந்து நிமிட வேலை. படிவம் வீண் என்று நான் சொல்லவரவில்லை. கருவியில் பதிய முடியாத நிலை வந்தால் அது உதவும். ஆனால் அது துணைக்கு வரும் தாள் மட்டுமே.

அந்த ஐந்து நிமிடத்திலும் ஒரு குழி இருக்கிறது. கருவி நேரத்தைச் சேமிப்பது உலகப் பொது நேரத்தில். யாழ்ப்பாணம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கிறது. திங்கள் அதிகாலை 3 மணி என்பது அங்கே ஞாயிறு இரவு 21:30. நாளே மாறிவிடுகிறது! நான் விடுமுறை முழுவதும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் இரண்டு நிரலாக, ஊர் நேரமும் கருவி நேரமும் எழுதி வைத்திருந்ததால் தப்பினேன்: வியாழன் பின்னேரத்திலிருந்து ஞாயிறு 21:30 வரை கட்டில், திங்கள் 12:30 வரை வேறு வேலையைக் குறிக்கும் குறுக்குச் சுத்தியல், அதன்பின் அட்டையைச் செருகும் கணம் வரை மறுபடி கட்டில். உறுதிசெய்த பிறகு அட்டையில் மாற்ற முடியாது. பிழை கண்டால் சீட்டை அச்சடித்து, அதன் பின்புறத்தில் விளக்கம் எழுதி ஒப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்குப் புறப்படும் முன் அட்டையின் தரவைக் கொம்பனியில் இறக்கச் சொல்லுங்கள். 28 நாட்களுக்கு ஒரு தடவை அதைச் செய்வது அவர்களின் கடமை. அட்டையைப் பயணப் பெட்டிக்குள் போடவேண்டாம், கடவுச்சீட்டோடு வையுங்கள். தொலைந்தால் முறைப்படி அறிவித்து, ஏழு நாட்களுக்குள் மாற்று அட்டைக்கு விண்ணப்பிக்கவேண்டும்; அட்டை இல்லாமல், சீட்டு அச்சடித்து அச்சடித்து, 15 நாட்கள்தான் ஓடலாம்.

வேலைக்குத் திரும்பிய மூன்றாவது வாரத்தில் மறுபடி மறித்தார்கள். நாடும் வேறு, அதிகாரியும் வேறு. மூன்று படிவங்களையும் உறையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் அவற்றை வாங்கவே இல்லை. அட்டையைக் கணினியில் செருகி, நிறக் கோடுகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். நீண்ட ஓய்வுக் கோட்டின் நடுவே கிடந்த பதினைந்து மணித்தியாலத் துண்டில் விரலை வைத்து, இது என்ன என்றார்.

"வெங்காயம்" என்றேன். என் ஆங்கிலம் பிழை என்று நினைத்தவர்போல என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு விளக்கினேன். அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, பின்னால் நின்ற வண்டியை நோக்கிப் போனார்.