கீபோர்டுக்குள் இருக்கும் உழைப்பைக் காப்பது

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகை மேடையில் வேறொரு இன்னிசைக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. தெருமுனையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, திடீரென்று என்னுடைய உறுமித் தாளம் கேட்டது. அது என்னுடையதுதான் என்று உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தத் தாளத்தைக் கீபோர்டில் ஒரு ஸ்டைலாக, அதாவது பாட்டுக்குப் பின்னால் தானாகவே சுற்றிச் சுற்றி ஒலிக்கும் தாள அமைப்பாக, அமைத்தபோது, நான்காவது சுற்றின் கடைசி அடியைச் சற்றுத் தாமதமாக வாசித்துவிட்டேன். பிறகு அதைச் சரியான இடத்துக்கு நகர்த்திப் பார்த்தேன், நகர்த்தியதும் தாளம் உயிரற்றுப் போனது, எனவே அந்தத் தாமதத்தை அப்படியே விட்டுவைத்தேன். அன்று மேடையிலிருந்து வந்த தாளத்திலும் நான்கு சுற்றுக்கு ஒருமுறை அதே அடி, அதே அளவு தாமதமாக விழுந்தது.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், வைகாசியில், ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் எங்களுக்குக் கச்சேரி இருந்தது. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. கீபோர்டின் மீது தார்ப்பாயைப் போட்டுவிட்டு, பென் டிரைவை அதிலேயே விட்டுவிட்டு, நாங்கள் எல்லோரும் பக்கத்துக் கொட்டகைக்குச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தன. இந்தத் திருட்டின் கொடுமை அதுதான். பொருள் போனால் இடம் காலியாகிவிடும், அன்றைக்கே தெரிந்துவிடும். தரவு போனால் ஒன்றும் குறைவதில்லை. மாதங்கள் கழித்து எங்கோ ஒரு தெருமுனையில்தான் தெரியவருகிறது.

எடுப்பதும் எளிது. கீபோர்டுகளும் கணினிகளும் பேசிக்கொள்ளும் மிடி என்ற பொது மொழி 1983-இல் வந்தது. அதில் ஒலி பதிவாவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தமாக அடிக்கப்பட்டது என்பவை 0 முதல் 127 வரையிலான எண்களாகவும், அடிக்கப்பட்ட நேரம் தனி எண்ணாகவும் பதிவாகின்றன. அதனால் மூன்று மாதம் இரவு பகலாக உட்கார்ந்து அமைத்த ஒரு ஸ்டைல், கோப்பாகப் பார்த்தால் சில பத்து கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் பொது மொழியில் கடவுச்சொல் என்ற ஏற்பாடே கிடையாது. ஒரு கருவி கேட்டால் இன்னொரு கருவி கொடுக்கும், அவ்வளவுதான். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த ஏற்பாடு அது. அதன் திறந்த தன்மையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கீபோர்டு நிறுவனங்களுக்குப் பூட்டுப் போடத் தெரியும். யமஹாவின் உயர்நிலை அரேஞ்சர் கீபோர்டுகளுக்கு (ஸ்டைலைத் தானே ஒலிக்கவிடும் வகை) விலைக்கு வாங்கும், கூடுதல் ஒலிகளும் ஸ்டைல்களும் அடங்கிய விரிவாக்கத் தொகுப்புகள், வாங்கியவருடைய அந்த ஒரு கருவியில் மட்டும் இயங்கும்படி பூட்டப்பட்டே வருகின்றன. கருவியோடு வரும் பாடல்களிலும் ஸ்டைல்களிலும் சிலவற்றை வெளியே நகலெடுக்க முடியாது. நிறுவனம் விற்கும் பொருளுக்கு இவ்வளவு காவல் இருக்கும்போது, வாசிப்பவர் தாமே உருவாக்கிச் சேமிக்கும் டோனுக்கும் (கருவி தரும் ஒலியின் வகை) தாளத்துக்கும் அந்தக் கருவிகளில் அப்படி ஒரு பூட்டு இல்லை. இதை நான் நியாயம் என்று ஏற்கவில்லை. ஆனாலும் நிலைமை இதுதான் என்பதால், நம் உழைப்புக்கு நாமே காவல் அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நகலெடுப்பதைவிட என்னை அதிகம் வருத்தியது மாற்றி எழுதுவது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஒத்திகையின்போது, வேறொருவர் சிறிது நேரம் என் கீபோர்டை வாசித்துப் பார்த்தார். தமக்குப் பிடித்த அமைப்பை என் மூன்றாம் ரெஜிஸ்ட்ரேஷன் பொத்தானில் சேமித்துவிட்டு மறந்துவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ரெஜிஸ்ட்ரேஷன் என்பது டோன், ஒலி அளவு, ஸ்டைல், வேகம், சுருதி மாற்றம் எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஒன்றின் மேல் இன்னொன்றைச் சேமித்தால் பழையது போய்விடும். அடுத்த வாரம் ஆத்தூர்ப் பக்கம் நடந்த கச்சேரியில் அந்தப் பொத்தானை அழுத்தினேன். ஐந்து கட்டையில் தொடங்க வேண்டிய அம்மன் பாடல் ஆறு கட்டையில் தொடங்கியது. பாடகி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பல்லவியைச் சமாளித்தார். சரணத்தின் மேல் சஞ்சாரத்தில் அவருக்குக் குரல் எட்டவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்களுக்கு அது அவருடைய தவறாகவே தோன்றியிருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

அந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்குப் பிறகு என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். மேடைக்குப் போகும் பென் டிரைவில் அன்றைய கச்சேரிக்கான பாடல்களின் கோப்புகள் மட்டுமே இருக்கும். மூலக் கோப்புகள் வீட்டுக் கணினியிலும், கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த தனி வன்தட்டு ஒன்றிலும் இருக்கின்றன. மேடைப் பென் டிரைவையே மறையாக்கம் செய்துவிடலாமே என்று முதலில் நினைத்தேன். பெரும்பாலான கீபோர்டுகளுக்கு அதைப் படிக்கத் தெரியாது, வெறும் காலிப் பென் டிரைவாகக்கூட ஏற்காமல் பிழை காட்டும். எனவே மேடைக்குப் போவது திறந்துதான் இருக்கும். போவதைக் குறைத்துக்கொள்வதே நம் கையில் உள்ளது. இடைவேளையில் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் சாப்பிடப் போகிறேன். எஸ்டி கார்டு பயன்படுத்துவோர் அதன் ஓரத்தில் உள்ள பூட்டுத் தாழை நம்பியிருக்க வேண்டாம். 'எழுதாதே' என்று கருவிக்குச் சொல்லும் ஒரு குறி மட்டுமே அது. படிப்பதை அது தடுக்காது, எழுதுவதைத் தடுப்பதும் அந்தக் குறியைக் கருவி மதிப்பதைப் பொறுத்தது.

மாற்றம் நடந்திருக்கிறதா என்று அறிய ஹேஷ் என்ற முறை உதவுகிறது. கோப்பு முழுவதையும் கணக்கிட்டு அதற்கு ஒரு கைரேகைபோல எழுத்துக்கோவை ஒன்றைக் கணினி தரும். எஸ்எச்ஏ-256 என்ற முறையில் அது 64 எழுத்துகள் கொண்டது. ஒரே ஒரு அடியின் அழுத்தத்தை 100-இலிருந்து 101 ஆக்கினாலும் அந்தக் கோவை முழுவதும் மாறிவிடும். விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை, சர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளை உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு கோப்பின் கோவையையும் ஒரு பட்டியலாக வீட்டில் வைத்திருக்கிறேன். கச்சேரிக்கு முதல்நாள் ரெஜிஸ்ட்ரேஷன் கோப்பைக் கீபோர்டிலிருந்து எடுத்தெழுதாமல் மூலத்திலிருந்தே புதிதாக ஏற்றி, அதன் கோவையைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அழிந்துபோவதற்கும் இதே பேக்கப்தான் மருந்து. யமஹாவின் பிஎஸ்ஆர்-ஈ வரிசைக் கீபோர்டுகள் பலவற்றில், வலது கோடியில் உள்ள கடைசி வெள்ளைக் கட்டையையும் கடைசி மூன்று கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து அழுத்தியபடி பவரைப் போட்டால், கணினியிலிருந்து ஏற்றிய பாடல்களும் ஸ்டைல்களும் அழிந்துவிடும். விளையாடும் குழந்தைக்குக்கூட அது தற்செயலாக வாய்க்கலாம். பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் உள்ளே இருப்பதை முதலில் எடுத்துவைத்துவிட்டு, அழித்துக் கொடுப்பதே நல்லது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, உரியவர் அனுமதியின்றித் தரவை நகலெடுப்பதைத் தவறு என்கிறது; பென் டிரைவ் போன்ற கழற்றக்கூடிய சேமிப்பில் உள்ள தரவையும் அது வெளிப்படையாகவே சேர்த்துச் சொல்கிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு அதைச் செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நான் புகார் கொடுக்கவில்லை. திரைப்பாடலின் மெட்டு என்னுடையது அன்று, அதன் கீழ் ஓடும் தாள அமைப்பு மட்டுமே என் உழைப்பு. அதை நிறுவுவதற்கு அன்று என்னிடம் ஒரு தாமதமான அடியைத் தவிர வேறு சான்று இல்லை. இப்போது மிடி கோப்பின் தொடக்கத்தில் பதிப்புரிமைக் குறிப்புக்கென்றே உள்ள இடத்தில் என் பெயரையும் தேதியையும் எழுதிவிடுகிறேன். விவரம் தெரிந்தவர் அதை நீக்கிவிடலாம் என்பதால், காதுக்கு எட்டாத மிகக் குறைந்த அழுத்தத்தில் சில அடிகளை எனக்குத் தெரிந்த இடங்களில் வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் கொண்டலாம்பட்டியிலிருந்து வந்த ஓர் இளைஞர், "அண்ணா, அந்த உறுமி ஸ்டைலை எனக்குக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். முன்னால் வந்து நின்று கேட்டதே எனக்கு நிறைவாக இருந்தது. பெயர்க் குறிப்புள்ள பிரதி ஒன்றை அவருடைய பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்; நான்காவது சுற்றின் கடைசி அடியை மட்டும் சரிசெய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.