ஐந்து கறுப்புக் கட்டைகளும் ஆய்ச்சியர் குரவையும்

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் எனக்கென்று கிடைக்கும். அதில் பாதி புத்தகம், பாதி பாட்டு. பல வருடப் பழக்கம் இது. இந்தத் தடவை இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டன. மறப்பதற்குள் குறித்துவைக்கிறேன்.

நாள் 1

சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவைக்கு வந்துவிட்டேன். 30 காதைகளில் இது 17-ஆவது. குடத்துப் பால் உறையவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது, உறியில் வெண்ணெய் உருகவில்லை. ஏதோ கெட்டது வரப்போகிறது என்று பயந்து, கண்ணகிக்கு அடைக்கலம் தந்த இடைச்சி மாதரி ஏழு பெண்களை நிறுத்திக் குரவை என்ற கூத்தை ஆட வைக்கிறாள். அவர்களுக்கு அவள் வைக்கும் பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். நாம் ச ரி க ம ப த நி என்கிறோமே, அதேதான்.

அதற்கு அப்புறம்தான் சிக்கினேன். மாயவன், அதாவது கண்ணன், என்று குரலைச் சொல்கிறாள், அடுத்து பலராமன் என்று இளியை, அடுத்து நப்பின்னை என்று துத்தத்தை. ச, ப, ரி. ஏன் இப்படித் தாண்டித் தாண்டி? ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மூடினேன்.

நாள் 3

படிக்கும்போதே ஹெட்ஃபோனில் மெதுவாக வீணை ஓடவிட்டுப் பார்த்தேன். சரிப்படவில்லை. ஒரு நல்ல சங்கதி வந்தால் கண் நின்றுவிடுகிறது, வரியில் கண் ஊன்றினால் பாட்டு காதில் விழுவதே இல்லை. இனி முதலில் புத்தகம், அதை மூடிய பிறகு பாட்டு.

நாள் 5

மகளின் சின்னக் கீபோர்டு மேஜைமேல் கிடந்தது. அவள் தட்டிக்கொண்டே, “அப்பா, கறுப்பு மட்டும் அடிச்சா எதுவுமே தப்பாக் கேக்கலப்பா” என்றாள். நானும் அடித்துப் பார்த்தேன். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையைச் சட்ஜமாக, அதாவது ச-வாக, வைத்து வரிசையாக மேலே போனால் ச ரி க ப த. மோகனம்! முல்லைப்பண் என்பது இன்றைய மோகனம்தான் என்று இசை ஆய்வாளர்கள் பலர் சொல்வது அப்போது நினைவுக்கு வந்தது. ஆயர்கள் முல்லை நிலத்து மக்கள். புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன்.

நாள் 6

கட்டைகளை மாற்றாமல் சட்ஜத்தை மட்டும் நகர்த்திப் பார்த்தேன். இரண்டாவது கறுப்பிலிருந்து தொடங்கினால் மத்தியமாவதி. மூன்றாவதிலிருந்து இந்தோளம். பக்கத்தில் இரட்டையாக நிற்பவற்றில் முதலாவதிலிருந்து சுத்த சாவேரி, அடுத்ததிலிருந்து சுத்த தன்யாசி. கச்சேரிக்காரர்கள் கிரக பேதம் என்பார்கள், தமிழிசைக்காரர்கள் பண்ணுப்பெயர்த்தல் என்பார்கள். படித்துத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதே ஐந்து கட்டைகள் என் விரலடியில் வேறு முகம் காட்டியபோது உடம்பு சிலிர்த்தது. கீழே சட்ஜத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் காது பழைய மோகனத்துக்கே ஓடிவிடும்.

நாள் 9

இந்தோளமும் சுத்த தன்யாசியும் எனக்குக் குழம்புகின்றன. இரண்டிலும் அதே கீழ்க் காந்தாரம் (க), அதே மத்திமம் (ம), அதே நிஷாதம் (நி). இந்தோளத்தில் பஞ்சமம் (ப) கிடையாது, அதனால் தம்புராவிலும் பஞ்சமத்துக்குப் பதில் மத்திமம் வைத்துக்கொள்வார்கள். இப்போது பாட்டு ஆரம்பிக்குமுன் தம்புராவைக் கவனிக்கிறேன். பத்தில் ஏழு தடவை சரியாகச் சொல்ல முடிகிறது. கீபோர்டில் சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் வராது என்பதால் இந்தோளம் அதில் எலும்புக்கூடாகத்தான் கேட்கிறது. நாகஸ்வரத்தில் கேட்ட பிறகுதான் உயிர் வந்தது.

நாள் 12

கேள்விக்குறிக்கு விடை கிடைத்த நாள்.

மோகனத்துக்குச் சட்ஜமாக வைத்த அதே கறுப்புக் கட்டைதான் குரல். குரலிலிருந்து இளி, அதாவது சட்ஜத்திலிருந்து பஞ்சமம். கீபோர்டில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து ஏழு கட்டை மேலே. அந்த இளியையே சட்ஜமாக நினைத்து இன்னும் ஏழு எண்ணினால் துத்தம். மாதரி சொன்ன வரிசை! மேலும் ஏழு போனால் விளரி. ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பார்த்தேன். பாட்டெடுக்கும் இடத்திலும் குரல், இளி, துத்தம், விளரி என்றுதான் பெயர்கள் வருகின்றன. கைக்கிளை மட்டும் அங்கே சொல்லப்படவில்லை. நான் நான்காவதாக ஏழு எண்ணியபோது விரல் கைக்கிளையில் போய் நின்றது. (கட்டை தீர்ந்தபோதெல்லாம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிக்கொண்டேன்.) ஐந்தும் கறுப்புக் கட்டைகள், ஐந்தும் சேர்ந்தால் மோகனம். அதற்கு அடுத்த ஏழில்தான் முதன்முதலாக ஒரு வெள்ளைக் கட்டை வந்தது.

கீபோர்டின் பஞ்சமம் 3:2 என்ற அதிர்வெண் விகிதத்தில் வரும் சுத்தப் பஞ்சமத்தைவிட இம்மியளவு குறைவு, அது தெரியும். இருந்தாலும் அந்த வரிசைக்குள் ஒரு பண் பிறக்கும் விதமே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இதையெல்லாம் கணக்குப் போட்டு ஆராய்ந்த விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் 1947-இல் வந்தது. அடுத்து எடுக்கப்போவது அதைத்தான்.

நாள் 15

காதையை முதலிலிருந்து மறுபடி படித்துவிட்டு, விளக்கை அணைத்து மோகன ஆலாபனை ஒன்று கேட்டேன். முந்தின காதையிலேயே கோவலன் வெட்டுப்பட்டுவிட்டான். அது நமக்குத் தெரியும். குரவை ஆடும் ஏழு பெண்களுக்குத் தெரியாது, பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணகிக்கும் தெரியாது. கறவையும் கன்றும் துயர் நீங்கட்டும் என்று அவர்கள் கைகோத்துச் சுற்றிவருகிறார்கள். மோகனம் சந்தோஷமான ராகம் என்றுதான் இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். இன்றைக்குத் தாரஸ்தாயிக் காந்தாரத்தில் அந்தக் குரல் நின்றபோது என்னால் உட்கார முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன்.