அம்மாவின் முறம்

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து நேற்றோடு ஒரு மாதம். திருவையாற்று வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கடுகளவு கறுப்புக் கல் ஒன்றை நகத்தால் ஓரமாகத் தள்ளி, "இத்தன நாளா இதெல்லாம் மாவுலதான் போயிருக்கு பாரு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பாயிக்கு அந்தக் காலத்தில் லென்ஸ் வைக்காமல் புரை எடுத்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடிதான். படி இறங்கும்போதெல்லாம் சுவரைத் தடவுவார்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 40 முதல் 75 வயது வரையுள்ள, புரை வந்த 3400 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குக் கண்ணுக்குள்ளே லென்ஸ், மறுபாதிக்குக் கண்ணாடி என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 1998-இல் வெளியானது. லென்ஸ் வைத்தவர்களுக்கே பார்வை மேல். எழுத்துப் பலகையோடு நிற்காமல், அன்றாட வேலை செய்ய முடிகிறதா என்றும் கேட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். அங்கேயே 1992-இல் ஆரோலேப் என்ற லென்ஸ் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸ் விலையையும் இறக்கினார்கள்.

அப்புறம், புரை எடுத்த பிறகு மறுபரிசோதனைக்குக் கட்டாயம் போங்கள். வராதவர் கண் எப்படி இருக்கிறது என்று எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது.

இடது கண்ணுக்கு அறுவடை முடியட்டும் என்கிறார் அம்மா. நான் பொங்கலுக்கு முன்பே கூட்டிப்போகிறேன்.