கிறிஸ்துமஸ் மரமும் சுடுகாட்டு மல்லியும்

வாசலில் இன்று இருபது அடி உயரத்தில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரத்தை 2011ல் மதுரையில் ஒரு நர்சரியில் 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ராமேஸ்வரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். பாம்பன் பாலத்தில் காற்று அடித்தபோது நுனி ஒடிந்துவிடுமோ என்று கையால் பொத்திக்கொண்டேன். கன்றை இறக்கி வைத்த இடத்துக்குப் பக்கத்தில், மதில் ஓரமாக, யாரும் வாங்காத, யாரும் நடாத நித்தியகல்யாணி பூத்துக் கிடந்தது. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்தில் அதைச் சுடுகாட்டு மல்லி என்றுதான் சொல்வோம். கல்லறைத் தோட்டம் முழுக்க அதுதான். அந்தப் பூ வீட்டுக்கு ஆகாது என்று அப்பத்தா பார்த்த இடத்தில் எல்லாம் பிடுங்கிப் போடுவார். அடுத்த மழைக்கு மறுபடி முளைத்திருக்கும்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். நர்சரியில் அரக்கேரியா என்று கேட்டால் தருவார்கள். இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவு. 1774ல் கேப்டன் குக் அந்தத் தீவைப் பார்த்தபோது, நெட்டையாக நின்ற இந்த மரங்கள் பாய்மரத்துக்கு ஆகும் என்று நினைத்தார். பின்னால் வெட்டிப் பார்த்ததில் அந்த வேலைக்கு உறுதி போதவில்லை. ஆனால் கடல் ஓரத்தில் நிற்பதற்கு இதைப் போல ஒரு மரம் கிடைப்பது கஷ்டம். உப்புக்காற்று, மணல், சுள்ளென்ற வெயில் எல்லாவற்றையும் தாங்கும். இந்தியாவில் இந்த மரம் என்று விற்கிற கன்றுகளில் நிறைய, உண்மையில் அதே பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியாவில் இருந்து வந்த குக் பைன் என்ற அதன் உறவு மரம். அந்த மரத்தை உலகத்தில் எங்கே நட்டாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று 2017ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எங்கள் மரமும் தெற்கே கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. வாடைக்காற்று தள்ளியது என்கிறார் அப்பா. எனக்கு அது குக் பைன்தான் என்று படுகிறது.

எங்கள் கரையில் எங்கு பார்த்தாலும் சவுக்கு நிற்கிறதே, அதுவும் இந்த இனம்தானே என்று பலர் கேட்பார்கள். இல்லை. சவுக்கு பூக்கிற மரம். ஊசி போலத் தொங்குவது அதன் இலையே அல்ல, பச்சையான சிறு குச்சி. ஒவ்வொரு கணுவிலும் பல் போல ஒட்டியிருக்கும் துளிதான் இலை. கிறிஸ்துமஸ் மரம் போன்ற ஊசியிலை மரங்கள் பூப்பதில்லை, காய்ப்பதும் இல்லை. கூம்புக்குள்தான் விதை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோயிலில் குடில் கட்டச் சவுக்குக் கிளையைத்தான் வெட்டி வருவார்கள். அந்த வாசனை இன்றும் எனக்கு டிசம்பர் மாத வாசனை.

மணல் மண் என்பதால் கன்று பிடிக்க எந்தக் கஷ்டமும் இல்லை. குழியில் மக்கிய சாணமும் செம்மண்ணும் கலந்தோம். நான் தவறியது வெயிலில். நர்சரியின் பச்சை வலைக்குக் கீழே வளர்ந்த கன்றை ஏப்ரலில் நேரடியாக வெயிலில் நட்டேன். பத்தே நாளில் ஒரு பக்கம் கீழ்க்கிளைகள் பழுப்பேறிக் காய்ந்தன. எங்கள் மரத்தில் போன கீழ்க்கிளை போனதுதான், அந்த இடத்தில் மறுபடி துளிர்க்கவே இல்லை. இன்றும் அந்தப் பக்கம் மொட்டையாக இருக்கிறது. அடுத்த ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி அடித்தபோது பனையோலைத் தட்டி கட்டினோம். மூன்றாவது வருஷத்தில் இருந்து அது தன்னைத் தானே பார்த்துக்கொண்டது.

மல்லிகை நாற்று போடுவது எங்கள் குடும்பத் தொழில். இந்தத் தீவில் இருந்து மல்லிகை நாற்று எங்கெங்கோ போகிறது. குச்சி நட்டு வேர் பிடிக்க வைப்பதில் அப்பாவுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். 2014ல் கிறிஸ்துமஸ் மரத்தின் பக்கக் கிளை ஒன்றில் தென்னை நார்க் கழிவு வைத்துப் பதியம் கட்டினார். பல மாதம் கழித்து வேரும் விட்டது. வெட்டித் தொட்டியில் வைத்தோம். அது நிமிரவே இல்லை! கிளையாக இருந்தபோது எப்படிக் கிடைவாட்டில் நீண்டதோ அப்படியே நீண்டுகொண்டு போனது. மூங்கில் குச்சி நட்டு இழுத்துக் கட்டினாலும் புதுத் தளிர் பக்கவாட்டில்தான் போனது. அப்புறம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்: மேல் நோக்கி வளரும் குணம் தலை நுனிக்கு மட்டும்தான் உண்டு. பக்கக் கிளையை வெட்டித் தனியாக நட்டாலும் அது கிளையாகவேதான் வளரும். இந்த மரத்துக்கு ஆகாதவை என்று கேட்டால் தலை நுனி ஒடிவதையும் வேரில் தண்ணீர் நிற்பதையும் சொல்வேன். நுனியை ஆடு கடித்துவிட்டால் மரம் சாகாது. ஆனால் இரண்டு மூன்று தலை முளைத்து அந்தக் கோபுர வடிவம் போய்விடும். பயன் என்றால் எங்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் காற்றுத் தடுப்பும், வருஷா வருஷம் நட்சத்திரம் கட்ட ஒரு இடமும்தான். ஹவாயில் இதன் கட்டையைக் கடைந்து அழகான கிண்ணங்கள் செய்கிறார்கள்.

சரி, சுடுகாட்டு மல்லிக்கு வருகிறேன்.

2017ல் அக்கா மகனுக்கு ஏழு வயது. காய்ச்சல் விடாமல் அடித்தது, காலில் எல்லாம் நீல நீலமாகத் தடிப்பு. மதுரையில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். முதல் மாதம் வாரம் ஒரு ஊசி. குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்து வந்து நரம்பில் ஏற்றுவார்கள். தண்ணீர் போலத்தான் இருக்கும். சீட்டில் வின்கிரிஸ்டின் என்று எழுதியிருந்தது. அது எதில் இருந்து எடுப்பது என்று டாக்டரிடம் அக்காதான் கேட்டாள். "உங்க ஊர்ப் பக்கம்கூடப் பயிர் பண்றாங்களேம்மா, நித்தியகல்யாணி" என்றார் அவர். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்பத்தா பிடுங்கிப் போட்ட செடிகள்தான் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் நின்றன.

மடகாஸ்கரில் இருந்து உலகம் முழுக்கப் பரவிய செடி இது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். அங்கிருந்து 1952ல் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளரின் கைக்கு 25 இலைகள் வந்து சேர்ந்தன. சாற்றை எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. அந்த இடத்தில்தான் அவர்களுக்கு, வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகிற ரத்தப் புற்றுநோய் ஞாபகம் வந்தது. நோபிளும் அவரோடு வேலை செய்த சார்லஸ் பீரும் இலையில் இருந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பற்றி 1958ல் அறிவித்தார்கள். அதே செடியில் இருந்து கிடைத்த வின்கிரிஸ்டினுக்கு 1963ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டன் கணக்கில் காய்ந்த இலையைப் பிழிந்தால் கிராம் கணக்கில்தான் மருந்து வரும். வேரில் இருந்து எடுக்கும் அஜ்மலிசின் ரத்தக் கொதிப்புக்கும் ரத்த ஓட்டத்துக்கும் போகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் இலையை அரைத்துக் குடித்துவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். செடி முழுக்க விஷம். ஆடுகூட வாய் வைக்காது. அளந்து நரம்பில் ஏற்றிய மருந்துக்கே பையனுக்குத் தாடை வலித்தது, மலச்சிக்கல் வந்தது, பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்று அழுதான். ஆறு மாதம் படி ஏற அவனைத் தூக்கித்தான் போனோம். சர்க்கரைக்கு நல்லது என்று எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருகிறேன்.

வளர்ப்பதில் இது மரத்துக்கு நேர் எதிர். எதை வெட்டினாலும் துளிர்க்கும். நுனியைக் கிள்ளினால் இன்னும் புதராகும். குச்சி நட்டாலும் வரும், நிமிர்ந்தே வளரும். ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் வானம் பார்த்த நிலத்தில் விதைக்கிறார்கள். விதை கறுப்பாக, பொடியாக இருக்கும் என்பதால் மணலோடு கலந்து தூவ வேண்டும். ஆறாம் மாதம் ஒரு முறை, ஒன்பதாம் மாதம் ஒரு முறை இலை அறுத்து, வருஷம் முடிந்ததும் வேரோடு பிடுங்கி நிழலில் காய வைப்பார்கள்.

அதற்கும் ஒன்று மட்டும் ஆகாது, தண்ணீர் நிற்கக் கூடாது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அந்த மழையில் எங்கள் முற்றத்தில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. மேடு கட்டி நட்டிருந்த மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மதில் ஓரத்துச் செடிகள் தண்டு கறுத்து அழுகிப் போயின, ஒன்றுகூடத் தப்பவில்லை. எத்தனை பிடுங்கினாலும் முளைக்கும் என்று நினைத்த செடி அப்படிக் கிடந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கல்லறைத் தோட்டத்து மேட்டில் மிஞ்சியிருந்த செடிகளில் இருந்து விதை எடுத்து வந்தேன்.

இப்போது மரத்தைச் சுற்றியுள்ள மேட்டில் இரண்டு வரிசை நிற்கிறது. பையன் பிளஸ் ஒன் முடித்துவிட்டான், மருந்தை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. விதை எடுப்பது அவன் வேலை. ஜோடி ஜோடியாக நிற்கும் காய் பச்சையில் இருந்து மஞ்சளுக்கு மாறும் அன்றே பறிக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினால் வெடித்து விதை மணலில் கொட்டிவிடும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போகிறான்.