கடி சேர்ந்த பிறகுதான் தகடு

சென்ற ஐப்பசி மழையில் மேலூரிலிருந்து மதுரைக்கு வரும்போது வண்டி சறுக்கி விழுந்தேன்; தரையில் மோதியது நாடி, அதாவது முகவாய் மட்டுமே. வழியிலிருந்த ஒரு சிறு மருத்துவமனையில் ஆறு தையல் போட்டு அனுப்பினார்கள். வாயை மூடித் திறக்கச் சொல்லி யாரும் பார்க்கவில்லை. மறுநாள் இட்லியை மென்றபோது வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் மட்டும் முட்டின. இடப்பக்கம் சேரவே இல்லை.

மதுரையில் நான் பார்த்த முகத்தாடை அறுவை மருத்துவர், தலைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்பதை சி.டி. ஸ்கேனில் உறுதி செய்துகொண்ட பிறகே தாடைக்கு வந்தார். இடக் கோரைப்பல்லுக்குக் கீழே ஒரு முறிவு. வலக் காதுக்கு முன்னால், தாடை மூட்டின் கழுத்தில் இன்னொன்று. கீழ்த்தாடை லாடம்போல் வளைந்திருப்பதால், நாடியில் விழும் அடியின் விசை மேலேறிப் போய் மெலிந்த அந்தக் கழுத்தை ஒடித்துவிடும் என்றார். நாடியில் தையல் என்று வருகிறவர்களின் காதருகே விரல் வைத்துப் பார்ப்பது அவருக்கு வழக்கமாம். முதல் நாள் அந்த விரல் எனக்குக் கிடைக்கவில்லை.

மயக்க மருந்துக்கான குழாயை மூக்கு வழியே செலுத்தினார்கள். வாயில் குழாய் இருந்தால் பற்களைச் சேர்த்துப் பார்க்க முடியாது. இரு பல்வரிசைகளிலும் வளைகம்பி கட்டி, பற்களின் தேய்மானத்தை வைத்து என் பழைய கடியை, அதாவது மேல்பற்களும் கீழ்ப்பற்களும் சேரும் விதத்தைக் கண்டுபிடித்து, அந்த நிலையிலேயே வாயைக் கம்பியால் பூட்டிய பிறகுதான் கீழுதட்டின் உட்புறம் கீறி இரண்டு டைட்டானியம் தகடுகளைத் திருகினார்கள். வெளியே புதிய தழும்பு இல்லை. மூட்டுக் கழுத்தைத் திறக்காமல் கம்பிக்கட்டை நம்பியே விட்டார்கள். பக்கத்துக் கட்டில் இளைஞனுக்கு மேல்தாடையே மூக்கோடு பெயர்ந்திருந்தது. 1901இல் ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவர் வகுத்த மூன்று முறிவு வகைகளில் இரண்டாவது. அவனுக்கும் கடியைச் சேர்த்த பிறகே தகடு வைத்தார்கள்.

இரண்டு வாரம் வாய் பூட்டியே இருந்தது. வாந்தி வந்தால் எந்தக் கம்பிகளை வெட்ட வேண்டும் என்று என் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்து, ஒரு கட்டரைத் தலைமாட்டில் தொங்கவிட்டார்கள். அவள் உறங்கியதாக எனக்கு நினைவில்லை. கேழ்வரகுக் கூழையும் பருத்திப்பாலையும் துணியில் இருமுறை வடிகட்டி, கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே சிரிஞ்சால் விடுவாள்.

மூட்டு இறுகிவிடக் கூடாது என்பதற்காகக் கம்பியை எடுத்து ரப்பர் மாட்டிய பின், ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே நுழைக்கும் பயிற்சி தொடங்கியது. முதல் நாள் ஏழு குச்சிக்கே கண்ணீர் வந்தது. இப்போது பதினெட்டு நுழைகிறது. கீழுதட்டின் இடப்பக்கம் மட்டும் இன்னும் மரத்திருப்பதால், டீயின் சூட்டை வலப்பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.