தளை தட்டிய இடம்

நான் எழுதுவதில் பெரும்பகுதி புதுக்கவிதைதான். 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழின் வழியே வேரூன்றிய அந்த மரபில்தான் என் வாசிப்பும் வளர்ந்தது. ஆனாலும் கவிதை எழுதும்போது என் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் தெளிவாகப் பார்த்தது கட்டுப்பாடு மிகுந்த மரபுப் பாவகையான வெண்பா எழுதப் பழகிய பிறகுதான். ஒரு காட்சி மனத்தில் எழுந்தவுடன் முந்திக்கொண்டு வரும் சொற்கள் பெரும்பாலும் என்னுடையவை அல்ல. நான் படித்து மகிழ்ந்த கவிதைகளில் பலமுறை பழகிய மௌனமும் நிழலும் வெறுமையும்தான் முதலில் வந்து நிற்கின்றன. புதுக்கவிதையில் அவற்றை நானேதான் அடையாளம் கண்டு விலக்க வேண்டும். வெண்பாவில் அந்த வேலையைப் பெருமளவு யாப்பே, அதாவது செய்யுள் இலக்கணமே, செய்துவிடுகிறது.

யாப்பு அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனியாகவோ மெய்யெழுத்தோடோ ஒலிக்கும் ஒரு குறிலோ நெடிலோ நேரசை; ஒரு குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்து ஒலிப்பது நிரையசை. அசைகள் சேர்ந்தது சீர்: ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மாச்சீர், நிரையில் முடிந்தால் விளச்சீர்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய்ச்சீர். ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை தளை; அது பிழைத்தால் தளை தட்டுகிறது என்போம். வெண்பாவில் மாச்சீர், விளச்சீர், காய்ச்சீர் ஆகியவை மட்டுமே வரலாம். மாச்சீரை அடுத்து நிரையசையும், விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரசையும் வர வேண்டும். ஈற்றடி மூன்று சீர்களோடு, நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில் முடிய வேண்டும். விதி இவ்வளவுதான், ஆனால் ஓர் இடத்தில்கூட விலக்கு இல்லை. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையை வைத்துக்கொண்டு யாரும் கற்றுவிடலாம். கற்றபின் எழுத உட்காரும்போதுதான், எழுதி வைத்திருக்கும் வரி எங்கெங்கே தளை தட்டுகிறது என்று தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டாக, அண்மையில் எழுதிய இரண்டடி வெண்பாவான குறள் வெண்பா ஒன்று உருவான வகையைச் சொல்கிறேன். நீலகிரியின் பைக்காரா மின்சாரம் வந்த 1930-களுக்குப் பிறகு கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின. அவற்றில் ஒன்றின் சங்கொலி கேட்கும் தொலைவில்தான் எங்கள் வீடு இருந்தது. முதல் ஷிப்டுக்கான சங்கு ஊதும் முன்பே அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, சங்கு ஊதும்போது அப்பாவின் தூக்குப்போசியை மூடிக்கொண்டிருப்பார். ஆலை மூடப்பட்டு, சங்கும் நின்று, அப்பாவுக்குப் போக வேண்டிய இடம் இல்லாமல் போன பின்னும் அம்மா அதே நேரத்தில்தான் எழுகிறார். இதை எழுத நினைத்தபோது முதலில் வந்த வரி, ‘சங்கின் மௌனத்தைக் கேட்டு விழிக்கிறாள் அம்மா’ என்பது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் எங்கள் வீடு இல்லை. அந்த மௌனத்தை எந்த ஊரில், எந்த ஆலையின் பக்கத்தில் வைத்தாலும் பொருந்திவிடும்.

வெண்பாவாக்க முயன்றபோது, ‘ஆலையின் சங்கொலி ஓய்ந்தபின்னும் அம்மா’ என்ற முதலடி கிடைத்தது. இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகைக்கு ‘காலை’ தானாக வந்தது. அங்கேதான் தளை தட்டியது. ‘அம்மா’ மாச்சீர், அதை அடுத்து நிரை வர வேண்டும், ‘காலை’யோ நேரில் தொடங்குகிறது. ‘அம்மாவின்’ என்று நீட்டினால் காய்ச்சீராகும், அடுத்து நேர் வரலாம். ஓர் அசைக்காகச் செய்த அந்த மாற்றத்தில் வாக்கியத்தின் எழுவாயே மாறிவிட்டது. நான் எழுத நினைத்தது அம்மாவைப் பற்றி, இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது அம்மாவின் காலையைப் பற்றி. ‘எழுவாள்’, ‘விழிப்பாள்’ என்று நான் சேர்த்து வைத்திருந்த வினைகள் எல்லாம் அந்த நொடியிலேயே பயனற்றுப் போயின. காலை என்ன செய்யும், அது எத்தகையது என்று யோசித்துக்கொண்டே நாள் முழுவதும் வேறு வேலைகளைப் பார்த்தேன். மாலையில் பேருந்துக்காகக் காத்திருக்கையில் ‘காலை’க்கு முதலெழுத்து இசையும் மோனையாகக் ‘கணக்கு’ வந்து சேர்ந்தது. சம்பளத் தேதியையும் மளிகைக் கடன் நோட்டையும் போனஸ் வரும் தீபாவளியையும் கணக்காகவே வைத்து வாழ்ந்தவருக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆனால் நான் அதைத் தேடிப் போகவில்லை.

ஆலையின் சங்கொலி ஓய்ந்தபின்னும் அம்மாவின்
காலை தவறாக் கணக்கு.

தளை சரியாக இருந்தால் போதும் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. ‘காலை எழுவாள் தினம்’ என்று எழுதியிருந்தாலும் ஈற்றடி இலக்கணப்படி சரிதான். ஆனால் அந்தத் ‘தினம்’ இடத்தை அடைக்க வந்த சொல். அதை யாப்பு கண்டுபிடிக்காது, வாய்விட்டுப் படிக்கும் காதுதான் கண்டுபிடிக்கும்.

‘நமக்குத் தொழில்கவிதை’ என்ற பாரதியின் வரியை மேற்கோள் காட்டும் பலர் அது நான்கடி கொண்ட ஒரு நேரிசை வெண்பாவின் தொடக்கம் என்பதைக் கவனிப்பதில்லை. புதுச்சேரி மணக்குள விநாயகர் மீது பாடிய விநாயகர் நான்மணிமாலையில் அது வருகிறது. நமக்கு, இமைப்பொழுது, உமைக்கினிய என்று எதுகை ஓட, ‘சிந்தையே இம்மூன்றும் செய்’ என்று தன் மனத்துக்கே இடும் கட்டளையாக அது முடிகிறது. கவிதை தொழில் என்று சொன்ன வரியில் தொழில் நேர்த்தியும் உடன் இருப்பது எனக்குப் பெரிய ஊக்கம். வசன கவிதையில் ‘காட்சி’யை எழுதியவரும் அவரே என்பதால், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பேச்சு எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை.

அந்தக் குறளை நேரிசை வெண்பாவாக வளர்த்து, அடுத்த இரண்டடிகளில் அப்பாவைக் கொண்டுவரவும் பார்த்தேன். ‘கணக்கு’ என்பதை அடுத்து வரும் தனிச்சொல், அதாவது இரண்டாமடியின் நான்காம் சீராக எதுகையோடு நிற்கும் சொல், நிரையில் தொடங்க வேண்டும். ஆனால் ஆலை, காலை என்ற எதுகைக்கு இசையும் வேலை, மாலை, சேலை எல்லாமே நேரில்தான் தொடங்கும். ‘கணக்காகும்’ என்று நீட்டினால் வழி பிறக்கிறது. அப்படிச் செய்தால் ‘கணக்கு’ என்று வெட்டி நிற்கும் உறுதி போய்விடுகிறது. ‘ஆகும்’ அங்கே வெறும் சுமை. எனவே அம்மாவின் வெண்பாவை இரண்டடியிலேயே நிறுத்திவிட்டேன். அப்பாவுக்குத் தனியாக ஒன்று எழுத வேண்டும். முதலடி வேறோர் எதுகையில் தொடங்கியிருக்கிறது, இரண்டாமடியில் தளை தட்டுகிறது.